கன்னத்தில் ஏறிய கோடு

அத்தானுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள், சின்னவளுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏண்டி, வேலை முடிஞ்சதும் கொஞ்சம் வந்துட்டுப் போயேன். இந்த மனுஷன் என்னைப் பாடாப் படுத்துறாரு."

"ஏன், கண்ணு வலிக்குதாமா?"

"வலிச்சாலாவது சும்மா படுத்திருப்பாரே. காசு பார்க்கணுமாம்."

எந்தக் காசு என்று சின்னவள் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அதைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அத்தான் சர்வேயர். வரப்புச் சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, கல் எங்கே நட்டிருந்தது என்று பார்வையாலேயே சொல்லிவிடுவார் என்று அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அந்தக் கண்தான் எட்டு வருஷமாக ஒரு தகர டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. டப்பாவில் அறுபத்து நான்கு பழைய வெள்ளிக்காசுகள். எல்லாம் ஒரே ராஜா காலத்தவை. முன்பக்கம் கிரீடம் இல்லாத ராஜா தலை, பின்பக்கம் இலை வளையம், அதற்குள் வருஷம். மற்றவர்களுக்கு அறுபத்து நான்கும் ஒன்றுதான். அத்தானுக்கு மட்டும் அவை ஏழு வகை.

அதற்கு அவர் சொல்லும் விளக்கத்தை வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் காசு அடிக்க எஃகில் அச்சு செய்வார்கள். முகமும் எழுத்தும் அதில் குழியாக இருக்கும். வெள்ளி வில்லையை அதன் மேல் வைத்து ஓங்கி அடித்தால் குழியெல்லாம் மேடாகி, காசாகிவிடும். ஓர் அச்சு சில ஆயிரம் காசு அடித்ததும் தேய்ந்துபோகும், விரிசல் விடும். உடனே வேறு அச்சு. எழுத்தையெல்லாம் கையால் கொத்தியதால் ஓர் அச்சு மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்றில் வருஷத்தின் கடைசி எண் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் ஓர் எழுத்தின் கால் குட்டையாக இருக்கும். எந்தக் காசு எந்த அச்சிலிருந்து விழுந்தது என்று பிரிப்பதுதான் அத்தானின் வேலை. சம்பளம் தருகிற வேலை அதற்கு இடைஞ்சல்.

இப்போது சிக்கல் என்னவென்றால், நாணயச் சங்கத்தில் அவர் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். 'ஒரே ராஜா, ஏழு அச்சு' என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பேச்சுக்கு இன்னும் மூன்று வாரம்தான். டாக்டரோ ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது, காசு பார்க்கிற லென்ஸைக் கையால் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். இடது கண்ணில் பார்க்கலாமே என்றால் அதிலும் புரை. அடுத்த ஆபரேஷனுக்கு அது வரிசையில் நின்றது.

முதலில் அக்காவைத்தான் உட்கார வைத்தார். அக்கா நான்கு காசு பார்த்தாள். "எல்லாத்துலயும் அதே மொட்டை ராஜாதான் இருக்காரு" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகுதான் போன்.

சின்னவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் இருபது வருஷமாகப் பல்செட் செய்கிறாள். பிளாஸ்டர் தூசி படிந்த செருப்போடு அவள் வந்து நின்றபோது, அத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, நாடு இழந்த ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, பல்லு டாக்டரம்மா. உன் கண்ணை மூணு வாரம் வாடகைக்குக் குடு."

"கண்ணு மட்டும் போதுமா அத்தான்? மூளையும் சேர்த்து வேணுமா?"

"மூளை நான் போட்டுக்கிறேன். நீ பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாப் போதும்."

ஜன்னலோரம் மேஜை போட்டு, அதன் மேல் மடித்த துணியை விரித்தார்கள். காசைக் கீழே போட்டாலும் அடிபடாமல் இருக்கத்தான் துணி. விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் வியர்வை கறையாகிவிடும் என்று அத்தான் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை ஆரம்பித்தபோது சின்னவள், "அத்தான், நான் ஒரு நாளைக்கு முப்பது பல்லு பிடிக்கிறவ. ஒண்ணும் கீழே விழுந்ததில்லை" என்றாள்.

ஆனால் கை சரியாக இருந்த அளவுக்குக் கண் சரியாக வரவில்லை. முதல் நாள் எட்டுக் காசு பார்த்தாள். எட்டும் எட்டுச் சொட்டுத் தண்ணீர் மாதிரி இருந்தன. இரண்டாம் நாளும் அப்படியே. அத்தான் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ராஜா காதுக்குப் பின்னாடி முடியில ஒரு சுருள் குறையுதா?"

"குறையுற மாதிரியும் இருக்கு, குறையாத மாதிரியும் இருக்கு."

"ராஜா வாயைத் திறந்து பல்லைக் காட்டினாத்தான் உனக்குப் புரியும் போல."

"காட்டியிருந்தா எந்தப் பல்லு கட்டுனதுன்னு இந்நேரம் சொல்லியிருப்பேன்" என்றாள் சின்னவள்.

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் ஒரு சின்ன மாற்றம் வந்தது. ராஜாவின் முகத்தைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேருமா என்று பார்க்கும்போது பல்லைப் பார்க்க மாட்டாள், பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளியைத்தான் பார்ப்பாள். அதே மாதிரி எழுத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒரு காசில் இரண்டாவது எழுத்தும் மூன்றாவது எழுத்தும் நெருக்கியடித்து நின்றன. அடுத்த காசில் அவை தள்ளி நின்றன. அதற்கடுத்ததில் மறுபடி நெருக்கம்.

"அத்தான், இதுவும் இதுவும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க. நடுவுல இருக்கிறது பக்கத்து வீடு."

"காகிதக் கூட்டுல இருக்கிற நம்பரைச் சொல்லு."

சொன்னாள். அத்தான் நோட்டில் எழுதியிருந்ததும் அதுவேதான். "குருட்டாம்போக்குல அடிச்சிருப்ப. அடுத்தது எடு" என்றார்.

அடுத்து வந்தது மூன்றாம் வகை. விளிம்பிலிருந்து கிளம்பி ராஜாவின் கழுத்துவரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. இதைப் பற்றி அத்தானிடம் ஒரு முழுப் பிரசங்கமே இருந்தது. இது கீறலா விரிசலா, கீறல் என்றால் என்ன, விரிசல் என்றால் என்ன என்று தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். சின்னவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இது அச்சுல விட்ட விரிசல். மேடா இருக்கே" என்றாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? கீறல்னா காசுல பள்ளமா இருக்கும். அச்சுல விரிசல் விட்டா வெள்ளி அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், வெளியே எடுத்தா மேடு. எங்க பிளாஸ்டர் அச்சுலயும் இதே கூத்துதான். விரிசல் இருந்தா பல்செட்ல மேடு தட்டும். அதைச் சுரண்டாம அனுப்பிட்டா ஈறைக் குத்தும், மறுநாள் பெரியவர் கையில பல்லோட வந்து நிப்பாரு."

இந்த ஒரு விஷயம் புரிய அத்தானுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அக்காதான் டம்ளரை வைக்கும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கணக்கு மாறியது. அத்தான் வகையைச் சொல்லி அவள் சரிபார்த்தது போய், அவள் சொல்லி அத்தான் நோட்டைப் பார்க்கும்படி ஆயிற்று. நோட்டையும் அக்காதான் படித்துக் காட்டினாள். அக்கா ஒவ்வொரு முறையும் "இவ சொன்னதுதாங்க போட்டிருக்கு" என்று கொஞ்சம் கூடுதல் குரலில் படித்தாள். அத்தானுக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறுக்கவும் முடியவில்லை. "என் நோட்டு அவ்வளவு தெளிவா இருக்கு, அதான்" என்பார்.

ஐந்தாம் வகையை மட்டும் அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். அது அவருடைய செல்லப்பிள்ளை. மூன்றே மூன்று காசுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே கண்டுபிடித்தது. வேறு யாரும் எழுதாதது. சங்கத்தின் மலரில் அதைப் பற்றி நான்கு பக்கம் கட்டுரையும் வந்திருந்தது. அச்சு பழசாகும்போது அதைத் தேய்த்து மெருகு போடுவார்கள், அப்போது விழுந்த நுண்ணிய கோடுகள் காசிலும் வந்துவிடும், அப்படி மெருகு போட்ட அச்சிலிருந்து விழுந்தவைதான் இந்த மூன்றும் என்பது அவர் முடிவு.

"மெதுவா எடு. வெளிச்சத்தைப் பக்கவாட்டுல விடு. தெரியுதா?"

"தெரியுது. கோடு கோடா, ஒரே பக்கமாச் சாய்ஞ்சு இருக்கு."

"ஆஹா! எப்படி?"

சின்னவள் காசைத் திருப்பினாள், சாய்த்தாள், அடுத்ததை எடுத்தாள், மறுபடி முதலாவதற்கு வந்தாள். அவள் வாய் மூடியிருந்தால் ஏதோ இருக்கிறது என்று அத்தானுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"என்னம்மா?"

"இல்ல அத்தான். அச்சுல முகம் குழியாத்தானே இருக்கும்?"

"ஆமா."

"மெருகு போடுறவன் அச்சு மேல தேய்ச்சா, சமதளத்துலதானே தேயும்? குழிக்குள்ள தேய்ப்புப் போகாதே. நான் அச்சோட மேல்பக்கத்தை அரம் போட்டாக்கூடப் பல்லுக்குழி அப்படியேதான் இருக்கும்."

"சரி, அதுக்கென்ன?"

"கோடு ராஜா கன்னத்து மேலயும் ஏறி இறங்கியிருக்கே. மூக்கு மேலகூட இருக்கு. அச்சைத் தேய்ச்சிருந்தா அங்கே வந்திருக்காதே."

அத்தான் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"லென்ஸைத் துடைச்சுட்டுப் பாரு" என்றார் அத்தான்.

துடைத்துவிட்டுப் பார்த்தாள். கன்னத்தில் கோடு அப்படியே இருந்தது.

"உனக்கும் புரை வந்திருக்கும். குடும்பத்துக்கே ஆகாத கண்ணு" என்றார். அவர் சிரிக்கவில்லை. சின்னவள் காசுகளை அவற்றின் காகிதக் கூட்டுக்குள் போட்டு, டப்பாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். பிறகு, சங்கத்தில் வேறு எவனாவது எழுந்து நின்று இதே கேள்வியைக் கேட்டால் அத்தான் முகம் எப்படிப் போகும் என்றும் நினைத்தாள்.

மறுநாள் அவள் வரும்போது கையில் ஒரு பை இருந்தது. பல்லுக்கு அளவெடுக்கிற பசை, ரப்பர் கிண்ணம், கரண்டி, பிளாஸ்டர்.

"அத்தான், நீங்க என் கண்ணை நம்ப வேண்டாம். உங்க விரலை நம்புவீங்களா?"

விஷயம் இதுதான். காசின் மேல் நகம் வைத்துத் தடவ அத்தான் உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டார். காசை அளவெடுத்து, அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றினால் அதே மேடு பள்ளத்தோடு ஒரு வெள்ளைக் காசு கிடைக்கும். அதை எவ்வளவு வேண்டுமானாலும் தடவலாம்.

"என் காசுல பசையைத் தடவப் போறியா!"

"மனுஷன் வாய்க்குள்ள வைக்கிற பசை அத்தான். ராஜாவுக்கு ஒண்ணும் ஆகாது. வேணும்னா முதல்ல உங்க வாயில வெச்சுக் காட்டட்டுமா? கொஞ்ச நேரம் வீடும் அமைதியா இருக்கும்."

அக்கா, "நல்ல யோசனை" என்றாள்.

கடைசியில் இரண்டு காசுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. விரிசல் விட்ட மூன்றாம் வகையில் ஒன்று, ஐந்தாம் வகையில் கோடு ஆழமாக இருந்த ஒன்று. பசை கெட்டியாகும்வரை அத்தான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் போலத் தவித்தார். காசுகள் பழுதில்லாமல் வெளியே வந்ததும்தான் மூச்சு விட்டார். பிளாஸ்டர் இறுகி முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

முதல் வில்லையை அவர் கையில் வைத்தாள். அவர் நகத்தை மெல்ல ஓட்டினார். கழுத்தருகே நகம் தட்டி நின்றது. முகம் மலர்ந்தது. "மேடு. விரிசல்தான்."

இரண்டாவதை வைத்தாள். நகத்தை ஓட்டினார். நகம் வழுக்கி உள்ளே இறங்கியது. திருப்பிப் பிடித்து ஓட்டினார். இறங்கியது. கன்னத்தின் மேல் ஓட்டினார். அங்கேயும் இறங்கியது.

"பள்ளம்" என்றார், யாருக்கோ சொல்வது போல. "இது காசைத் தேய்ச்ச கோடு."

இரண்டு வருஷமாகப் புரையால் புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போலத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடும் பள்ளமும் அந்தக் கண்ணுக்கு ஒன்றுதான். சின்னவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் சர்வேயர் மூளை அதற்குள் வேறு பக்கம் அளக்க ஆரம்பித்துவிட்டது.

"வாங்கும்போது இந்த மூணும் இப்படிப் பளபளன்னு இல்ல. நான் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போய்ட்டு வந்தப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு." அவர் தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். "நான் இல்லாதப்ப இந்த டப்பாவை யாரு தொட்டது?"

"டீ போடட்டுமாங்க?" என்றாள் அக்கா.

"இப்பத்தானே குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிக்கிறது."

"ஏய்."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். "கறுத்துப் போய்க் கிடந்துச்சு. நீங்க வரும்போது அறுபத்து நாலும் பளிச்சுன்னு இருக்கட்டும்னு நினைச்சேன். மூணு தேய்ச்சிருப்பேன், அதுக்குள்ள நீங்க போன் பண்ணீங்க. உங்க சிநேகிதர் ஒருத்தர் காசைக் கழுவிட்டாருன்னு சொல்லி, அவன் கையை ஒடிக்கணும்னு அரை மணி நேரம் கத்துனீங்க. அப்படியே உள்ள வெச்சு மூடிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? வந்து பார்த்துட்டு, புது வகை, உலகத்துலயே யாரும் பார்க்காததுன்னு குதிச்சீங்க. நாலு பக்கம் எழுதினீங்க. அந்த வருஷம் பூரா உங்க முகத்துல அந்த ஒரு சந்தோஷம்தான் இருந்துச்சு. அதையும் தேய்ச்சு எடுக்கச் சொல்றீங்களா?"

அத்தான் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் அவர் அக்காவோடு பேசவில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன கண்ணில் ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், விடுவது அக்காதான். ஆகவே ஆறு தடவையும் அவர் முறைத்துக்கொண்டே வந்து, அக்காவுக்கு முன்னால் தலையை அண்ணாந்து உட்கார வேண்டியிருந்தது. அண்ணாந்துகொண்டு ஒருவர் எவ்வளவு நேரம்தான் முறைக்க முடியும்? இரண்டாம் நாள் சாயங்காலம் சின்னவள் வந்தபோது அந்தக் காட்சி நடந்துகொண்டிருந்தது.

"கண்ணைத் திறங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு? இதையும் தேய்க்கப் போறியா?"

அக்காவின் கை ஆடிவிட்டது, மருந்து மூக்கில் விழுந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வந்தா கண்ணு அசையும்" என்று சொல்லிக்கொண்டே அத்தானும் சிரித்தார்.

பேச்சுக்கு நாலு நாள் இருந்தது. அத்தான் ஏழு வகையை ஆறாக்கச் சொன்னார். நோட்டில் ஐந்தாம் வகையைச் சின்னவள்தான் அடித்தாள். அடிக்கும்போது, "இரண்டாம் வகையில எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு அத்தான்" என்றாள். அதிலிருந்த பதிமூன்று காசில் ஒன்பதில் இலையின் நுனி வருஷத்தின் கடைசி எண்ணின் வயிற்றைப் பார்த்து நின்றது. நான்கில் அது காலைப் பார்த்து நின்றது. அவை இரண்டு அச்சு என்பது அவள் கட்சி.

"அதெல்லாம் தேய்மானம்."

"தேய்ஞ்சா இலை சின்னதாகும் அத்தான், நகர்ந்தா போகும்?"

"என் கண்ணால பார்க்காம ஒத்துக்க மாட்டேன்."

"அந்தக் கண்ணாலதானே ஐந்தாம் வகையைப் பார்த்தீங்க" என்றாள்.

சங்கம் கடிகாரக் கடையின் மாடியில் கூடியது. பதினொரு உறுப்பினர்கள். கடிகாரக்காரர்தான் செயலாளர். அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு பேசினார், காசை எடுத்துக் காட்டுகிற வேலை சின்னவளுடையது. ஐந்தாம் வகைக்கு வந்ததும் அவர் நிறுத்தி, அது அச்சில் விழுந்த வகை இல்லை, தம் வீட்டில் விழுந்த வகை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். பிளாஸ்டர் வில்லைகளைக் கைக்குக் கை கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். முன்வரிசையிலிருந்த ஒருவர், "மலர்ல அப்படி எழுதலையே" என்றார்.

"மலர்ல எழுதினது பழைய கண்ணு. இப்பப் பேசுறது புதுக் கண்ணு" என்றார் அத்தான்.

கைதட்டினார்கள். பின்வரிசையில் அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் குறித்துக்கொள்ளும் பழக்கமுள்ள ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தேய்ச்சது பாத்திரப் பொடியிலயா, தேங்காய் நாருலயா?" என்று மெய்யாகவே கேட்டார்.

"ரெண்டுலயும்தான்" என்றாள் அக்கா, மாடி முழுக்கக் கேட்கும்படி.

இரண்டாம் வகை விவகாரத்தையும் சின்னவள் அங்கே எடுத்து வைத்தாள். கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஐந்து பேர் இரண்டு அச்சு என்றார்கள், நான்கு பேர் ஒன்றுதான் என்றார்கள், இரண்டு பேர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். அத்தான் நான்கு பேர் பக்கம் நின்றார். கலையும்போது கடிகாரக்காரர் சின்னவளிடம் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்தவள், வீட்டுக்குப் போனதும் பூர்த்தி செய்துவிட்டாள்.

மாதம் முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்த அன்று காலையிலேயே அத்தான் மேஜையைப் போட்டுவிட்டார். சின்னவளும் வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றாள். அவர் அந்தப் பதிமூன்று காசையும் இரண்டு வரிசையாக அடுக்கி, புதுக் கண்ணில் லென்ஸை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். வயிறு, வயிறு, கால். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

கடைசியில் நோட்டை இழுத்து, இரண்டாம் வகை என்று இருந்ததற்குப் பக்கத்தில் 'அ' என்று எழுதினார். கீழே 'ஆ' என்று எழுதி நான்கு நம்பர்களைப் போட்டார். ஒப்புக்கொண்டேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார்.

"அடடே, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

"அது பிளாஸ்டர் தூசி அத்தான்" என்றாள் சின்னவள்.

"லென்ஸ் வெச்சுப் பார்க்கட்டுமா?"

"வேலைக்கு நேரமாச்சு" என்று அவள் செருப்பை மாட்டினாள்.